தமிழில் எடுத்த குறிப்புகளை நெடுங்காலம் காக்க எந்தச் செயலி ஏற்றது?

வயலோரம் எழுதியது:

டெல்டா பகுதியின் மரபு நெல் வகைகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். விவசாயிகளிடம் நேரில் கேட்டறிந்தவை, ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் கேட்ட பேச்சுகளின் சுருக்கம், பழைய நூல்களிலிருந்து எடுத்தெழுதிய பகுதிகள், வயலில் எடுத்த ஒளிப்படங்கள், ஒலிப்பதிவுகள் என எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒரு பகுதி காகித நோட்டுகளில் இருக்கிறது. ஒரு பகுதி எவர்நோட்டில். அவசரத்தில் எழுதியவை கூகுள் கீப்பில். வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொண்ட செய்திகளும் ஏராளம். இவற்றோடு அப்பாவின் மருந்துப் பட்டியல், நிலவரி ரசீது எண்கள், காப்பீட்டுத் தவணை நாட்கள் போன்ற வீட்டுக் காரியங்களும் சேர்ந்துகொள்கின்றன.

எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசப் பயனர்களுக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்டுப்புத்தகம் என்று வரம்பு வைத்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற எண்ணம் வலுத்துவிட்டது. ஆனால் எங்கே கொண்டுபோவது என்பதில்தான் தெளிவில்லை. இதைப் பற்றிய காணொளிகள் அநேகமாக ஆங்கிலக் குறிப்புகளை வைத்தே விளக்குகின்றன. வண்ணப் பக்கங்களும் அட்டவணைகளும் பார்க்க அழகாக இருக்கின்றன, ஆனால் தமிழில் எழுதுகிறவருக்கு வரும் சிக்கல்களை அவற்றில் யாரும் தொடுவதில்லை. எடுத்துக்காட்டாக, ‘கிணறு’ என்று தேடினால், ‘கிணற்றுப் பாசனம்’ என்று நானே எழுதி வைத்த குறிப்பு வருவதில்லை. அது எங்கோ இருக்கிறது என்று தெரிந்தும் கைக்கு எட்டாமல் போகிறது.

நான் பயன்படுத்துவது ஆண்ட்ராய்டு கைபேசியும் விண்டோஸ் கணினியும். வயலில் சிக்னல் பெரும்பாலும் இருக்காது என்பதால் இணையம் இல்லாமலும் எழுதவும் படிக்கவும் முடிய வேண்டும். ஆண்டுக்கு ஓரளவு பணம் செலுத்தத் தயங்கமாட்டேன். இந்தக் குறிப்புகள் இன்னும் இருபது ஆண்டுகள் கழித்தும் திறக்க வேண்டும், தமிழில் தேடினால் கிடைக்க வேண்டும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்து அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

ஏட்டகம் எழுதியது:

இருபது ஆண்டு என்று கேட்டிருக்கிறீர்கள். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்கான விடை மற்றவற்றைத் தீர்மானித்துவிடும். எந்தச் செயலியும் இருபது ஆண்டு இன்றிருப்பதுபோலவே இருக்கும் என்று நம்பித் திட்டமிட முடியாது. எவர்நோட் 2008-இல் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று அது மிலன் நகரைச் சேர்ந்த பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கூகுள், ‘நோட்புக்’ என்ற தன் பழைய சேவையை 2012-இல் நிறுத்தியது. அடுத்த ஆண்டே கீப்பைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் கைமாறும், கட்டணம் மாறும், சேவைகள் நிற்கும். ஆகவே ஒரு செயலியைப் பார்த்தவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி, இதிலிருந்து என் குறிப்புகள் எப்படி வெளியே வரும் என்பதுதான். உள்ளே போகும் வழியை எல்லாரும் அழகாகக் காட்டுகிறார்கள். வெளியே வரும் வழியை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் படம் தெளிவாகிவிடும். எவர்நோட்டின் கணினிச் செயலியிலிருந்து ஒவ்வொரு நோட்டுப்புத்தகத்தையும் எனெக்ஸ் என்ற கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். எழுத்து, படம், தேதி, குறிச்சொல் எல்லாம் அதில் வந்துவிடும். கூகுள் கீப்பிலிருந்து, நம் தரவை வெளியே எடுக்க கூகுள் தரும் டேக்அவுட் என்ற சேவை வழியாக எடுத்தால் ஒவ்வொரு குறிப்பும் தனித்தனி எச்.டி.எம்.எல். கோப்பாகவும் ஜேசான் கோப்பாகவும் கிடைக்கும். நோஷன் என்ற குறிப்புச் செயலி, பக்கங்களை மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்புகளாகவும் அட்டவணைகளை சி.எஸ்.வி. என்ற எளிய அட்டவணைக் கோப்புகளாகவும் தருகிறது. மைக்ரோசாப்டின் ஒன்நோட்டை நீங்கள் குறிப்பிடவில்லை. பேனாவால் எழுதுவதற்கும் பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் எதையும் வைப்பதற்கும் அது மிகச் சிறந்தது, ஆனால் அதிலிருந்து பி.டி.எஃப். ஆகவோ அதன் சொந்த வடிவமாகவோ எடுப்பது எளிதாக இருக்கும் அளவுக்கு, திருத்தக்கூடிய எளிய உரையாக எடுப்பது எளிதாக இல்லை. நெடுங்காலச் சேகரிப்புக்கு நான் அதைப் பரிந்துரைக்காததற்கு அந்த ஒரு காரணமே போதும்.

என் பரிந்துரை, குறிப்புகள் எளிய உரைக் கோப்புகளாகவே இருக்கட்டும் என்பது. மார்க்டவுன் என்பது 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மிக எளிய குறியீட்டு முறை. தலைப்புக்கு முன்னால் ஒரு ‘#’, பட்டியலுக்கு முன்னால் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். செயலியே இல்லாமல் போனாலும் விண்டோஸின் நோட்பேடில் அந்தக் கோப்பைத் திறந்து அப்படியே படிக்கலாம். இப்படி எழுத இரண்டு நல்ல செயலிகள் உள்ளன.

அப்சிடியன் 2020-இல் வந்தது. உங்கள் கணினியில் ஒரு கோப்புறையை அதற்குக் காட்டினால் போதும். ஒவ்வொரு குறிப்பும் அந்தக் கோப்புறையில் ஒரு மார்க்டவுன் கோப்பாக இருக்கும். செயலி இலவசம், ஆனால் கணினிக்கும் கைபேசிக்கும் இடையே ஒத்திசைக்க அவர்களுடைய சேவைக்குப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சிங்க்திங் போன்ற ஒத்திசைவுக் கருவி ஒன்றை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். ஜாப்ளின் திறமூல மென்பொருள். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்றவற்றில் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கணக்கின் வழியாகவே அது ஒத்திசைத்துக்கொள்ளும். எவர்நோட்டின் எனெக்ஸ் கோப்பை நேரடியாக உள்வாங்கிக்கொள்ளும். அது குறிப்புகளைத் தன் தரவுத்தளத்தில் வைத்துக்கொள்கிறது. ஆனாலும் எப்போது வேண்டுமானாலும் எல்லாவற்றையும் மார்க்டவுன் கோப்புகளாக எடுத்துவிடலாம். இரண்டும் இணையம் இல்லாமல் இயங்கும். ஆண்ட்ராய்டு, விண்டோஸ், எவர்நோட்டிலிருந்து வருகை என்ற உங்கள் நிலைக்கு ஜாப்ளின் நேராகப் பொருந்துகிறது. பிற்காலத்தில் அப்சிடியனுக்குப் போக நினைத்தாலும் கதவு திறந்தே இருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அப்சிடியனில் குறிப்பின் தலைப்பே கோப்பின் பெயர். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். ஒருங்குறியில் (யூனிகோடில்) தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். ‘கொ’ என்ற ஓர் எழுத்தே இரண்டு குறிகள், ஆறு பைட்டுகள். கோப்பின் ‘.md’ என்ற பின்னொட்டுக்கு 3 பைட் போக, மொத்தம் 84 குறிகளுக்குள் தலைப்பை முடித்தாக வேண்டும், அதாவது ஏறத்தாழ ஐம்பது எழுத்துகள். விண்டோஸ் பைட்டுகளை இப்படிக் கணக்கிடுவதில்லை. அதனால் கணினியில் நீளமாக வைத்த தமிழ்த் தலைப்பு அங்கே நன்றாக இருந்துகொண்டே கைபேசிக்கு மட்டும் வராமல் நிற்கும். காரணம் தெரியாமல் நெடுநேரம் தேடுவோம்.

மாற்றும்போது அவசரப்பட வேண்டாம். முதலில் ஏற்றுமதி, பிறகு உள்வாங்கல், பிறகு படமும் ஒலியும் உள்ள பழைய குறிப்புகள் சிலவற்றைத் திறந்து சரிபார்த்தல். இவை முடியும் வரை பழைய கணக்கை மூடாதீர்கள்.

---

பந்தல் எழுதியது:

ஏட்டகம் ஐயா சொன்னது ஆராய்ச்சிக் குறிப்புகளுக்குச் சரி. ஆனால் வீட்டுக் காரியங்களையும் அதே இடத்துக்கு மாற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்பாவின் மருந்துப் பட்டியல் என்பது நீங்கள் மட்டும் படிக்கும் குறிப்பு அல்ல. வீட்டில் வேறொருவர் மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாளில் அவருடைய கைபேசியிலும் அது இருக்க வேண்டும். கூகுள் கீப்பில் ஒரு குறிப்பை இன்னொருவருடன் பகிர்ந்தால் இருவரும் திருத்தலாம். மருத்துவர் ஒரு மாத்திரையை நிறுத்திவிட்டார் என்றால் அங்கேயே அதை அடித்துவிடலாம். எங்கள் வீட்டில் அம்மாவின் சர்க்கரை அளவும் மருந்தும் இப்படித்தான் இருக்கின்றன. வெளியூரில் இருக்கும் தம்பியும் பார்த்துக்கொள்கிறான். மார்க்டவுன், ஒத்திசைவு என்றெல்லாம் வீட்டிலுள்ள எல்லாரையும் பழக்க முடியாது, பழக்கவும் தேவையில்லை.

வேகம் என்ற ஒன்றும் இருக்கிறது. விவசாயி பேசிக்கொண்டிருக்கும்போது நோட்டுப்புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து, தலைப்புக் கொடுத்து, குறிச்சொல் சேர்த்து எழுதத் தொடங்குவதற்குள் அவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். கைபேசி முகப்பிலேயே இருக்கும் கீப்பில் தொட்டவுடன் எழுதலாம். கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டின் குரல் உள்ளீடு தமிழை நன்றாகவே எழுதுகிறது, நிறுத்தற்குறிகளை மட்டும் பிறகு சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே கீப்பையும் வாட்ஸ்அப்பையும் விட்டுவிட வேண்டாம் என்பேன். அவை தற்காலிகமாக இறக்கி வைக்கும் இடமாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்து, வைத்துக்கொள்ளத் தகுந்தவற்றை நிலையான இடத்துக்கு மாற்றி எழுதுங்கள். மாற்றி எழுதும்போதுதான் கேட்டது முழுமையாகப் புரிந்ததா, எதை மறுபடி கேட்க வேண்டும் என்பது தெரிகிறது. அந்த வேலையைத் தானியங்கி இணைப்புகளிடம் விடுவதைக் காட்டிலும் நாமே செய்வது பயன் தரும்.

---

சொல்லடைவு எழுதியது:

‘கிணறு’ கிடைக்காத சிக்கலைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. தமிழில் குறிப்பெடுக்கும் எல்லாருக்கும் இது வரும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தேடுபொறி எழுத்துகளைத்தான் பார்க்கிறது, பொருளைப் பார்ப்பதில்லை. வேற்றுமை உருபு ஏறும்போது நம் சொற்களின் இறுதி மாறிவிடுகிறது: கிணறு, கிணற்றில், குளம், குளத்தில், காடு, காட்டை. முழுச் சொல்லைக் கொடுத்துத் தேடினால் உருபேறிய வடிவங்கள் வரவே வராது. ‘நெல்’, ‘வயல்’ போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் இறுதி எழுத்து லகரமாகவே நிற்கிறது; ‘வயல்’ என்று புள்ளியோடு தேடினால் ‘வயலில்’ தவறிவிடலாம், புள்ளியை நீக்கி ‘வயல’ என்று தேடினால் இரண்டும் வரும். ‘கிணறு’க்கு ‘கிண’ என்றும், ‘குளம்’ என்பதற்கு ‘குள’ என்றும் மாறாத முற்பகுதியை மட்டும் கொடுக்க வேண்டும். இதற்குச் செயலி சொல்லின் ஒரு பகுதியை வைத்துத் தேட அனுமதிக்க வேண்டும். ஆகவே எந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் ஒரு சோதனை செய்யுங்கள். ‘கிணற்றுப் பாசனம்’, ‘குளத்து மடை’ என்று இரண்டு குறிப்புகளை எழுதிவிட்டு, ‘கிண’ என்றும் ‘குள’ என்றும் தேடிப் பாருங்கள். கைபேசியிலும் கணினியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், ஒரே செயலியே இரண்டிலும் வேறு வேறு விதமாக நடந்துகொள்வதுண்டு. ஜாப்ளினில் சொல்லின் முடிவில் ‘*’ இட்டு முற்பகுதித் தேடல் செய்யலாம். தேடுசொல்லின் தொடக்கத்தில் ‘/’ இட்டால் அது எளிய நேரடித் தேடலுக்கு மாறிக்கொள்ளும். தமிழுக்கு இந்த இரண்டாவது வழியையும் முயன்று பாருங்கள்.

‘குள’ என்று தேடினால் குளிர், குளியல் எல்லாமும் சேர்ந்து வரும் என்பது இதன் குறை. அதற்கு நான் கைக்கொள்ளும் வழி எந்தச் செயலியிலும் செல்லும்: ஒவ்வொரு குறிப்பின் அடியிலும், எதிர்காலத்தில் எந்தச் சொல்லை நினைத்து இதைத் தேடுவேன் என்று யோசித்து, அச்சொற்களை உருபு ஏறாத வடிவில் ஒரு வரியாக எழுதிவிடுவேன். உங்கள் துறையில் ஒரு குறிப்பு இப்படி இருக்கலாம்:

2024-08-11 பூங்கார் விதைப்பு
கிணற்றுப் பாசனத்தில் ஆடியிலேயே விதைத்துவிடுவதாகப் பெரியவர் சொன்னார். குளத்து மடை திறக்கும் வரை காத்திருப்பதில்லை.
கேட்டது: நேரில், வயலில். ஒலிப்பதிவு உண்டு.
சொற்கள்: பூங்கார், கிணறு, குளம், மடை, ஆடி, விதைப்பு

அந்த நான்காவது வரி இருந்தால் ‘கிணறு’ என்று முழுச்சொல்லாகத் தேடினாலும் கிடைத்துவிடும். ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருந்தால் இரண்டையும் அந்த வரியில் எழுதலாம். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். பெயர் வரிசையில் அடுக்கினாலே கால வரிசையும் தானாக அமைந்துவிடும்.

பழைய நூல்களிலிருந்து எடுத்த பகுதிகள் உள்ளன என்றீர்கள். அவற்றில் இன்னொரு வகைச் சிக்கல் மறைந்திருக்கும். பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் தட்டச்சிட்ட கோப்பிலிருந்து ஒட்டியவை தேடலில் ஒருநாளும் சிக்காது, என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டு ஒருங்குறியாக்கிய பிறகே சேர்க்க வேண்டும். ஒருங்குறியிலும் ‘கொ’ என்பதன் உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. சில பி.டி.எஃப். கோப்புகளிலிருந்து நகலெடுத்த உரையில் இரண்டாவது வகை வந்துவிடுகிறது. ‘ஔ’கார உயிர்மெய்யில் வரும் சிறகுக்குப் பதிலாக ‘ள’ என்ற எழுத்தையே தட்டியிருப்பார்கள். அதுவும் பார்வைக்குத் தெரியாது. ஆகவே ஒட்டிய பகுதிகளில் சொற்கள் வரியை மட்டுமாவது உங்கள் விசைப்பலகையில் நீங்களே தட்டச்சு செய்துவிடுங்கள்.

அச்சு நூலின் பக்கத்தைப் படமெடுத்து வைத்திருந்தால், அதை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் உரை ஓரளவு நல்ல துல்லியத்தோடு கிடைக்கும். கையெழுத்துப் பக்கங்களுக்கு அதை நம்ப முடியாது. காகித நோட்டுகளுக்கு, ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும் இணைத்து, அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு மூன்று வரியும் சொற்கள் வரியும் எழுதுவதே நடைமுறைக்கு உகந்தது.

---

வயலோரம் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. சொல்லடைவு அவர்கள் சொன்ன சோதனையை இன்றே ஜாப்ளினில் செய்து பார்த்தேன். சாய்கோடு இட்டுத் தேடியபோது ‘கிணற்றுப் பாசனம்’ வந்துவிட்டது. சொற்கள் வரியை இனி எல்லாக் குறிப்புகளிலும் எழுதுவேன். வீட்டுக் குறிப்புகள் கீப்பிலேயே இருக்கட்டும் என்ற பந்தல் அம்மாவின் யோசனையும் எனக்குச் சரியாகவே படுகிறது.

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு நெல் வகைக்கும் வயது (விளைய ஆகும் நாட்கள்), உயரம், பட்டம் (பயிரிடும் பருவம்), மண், எந்த ஊரில் கேட்டது என்ற விவரங்கள் உள்ளன. காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் கருங்குறுவையும் அருகருகே நிற்க, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதைக் குறிப்புகளாக எழுதுவதா, அட்டவணையாக வைப்பதா?

---

கொற்கை எழுதியது:

இதற்கென்றே இருப்பது நோஷன்தான் என்று துணிந்து சொல்வேன். அதில் அட்டவணையின் ஒவ்வொரு வரிசையும் ஒரு பக்கமாகத் திறக்கும். காட்டுயானம் என்ற வரிசையில் வயது, உயரம், பட்டம் எல்லாம் கட்டங்களில் இருக்கும். அந்தப் பெயரைத் தொட்டால் உள்ளே நீங்கள் எழுதிய நீண்ட குறிப்பும் படங்களும் இருக்கும். சம்பா பட்டத்துக்கு உரியவை மட்டும், உவர் மண்ணைத் தாங்குபவை மட்டும் என வடிகட்டிப் பார்க்கலாம். மற்றொரு அட்டவணையில் ஊர்களை வைத்து, இரண்டையும் இணைத்தால், ஓர் ஊரைத் திறந்தவுடன் அங்கே கேட்ட எல்லா வகைகளும் வந்து நிற்கும். ஒரு துறையின் தகவலை ஒழுங்குபடுத்துவதில் இதற்கு இணையான வசதியை வேறு குறிப்புச் செயலிகளில் நான் கண்டதில்லை.

நேர்மையாக அதன் எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். குறிப்புகள் அந்த நிறுவனத்தின் வழங்கியில்தான் (சர்வரில்தான்) வாழ்கின்றன. இணையமில்லாமல் பயன்படுத்தும் வசதி 2025-இல்தான் சேர்ந்தது. அதிலும் வேண்டிய பக்கங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 5 எம்.பி.க்கு மேல் இருக்கக் கூடாது. நீண்ட ஒலிப்பதிவுகள் அதைத் தாண்டிவிடும். பக்கத்தின் தோற்றத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஆசையையும் அது தூண்டும். அதற்குச் செலவாகும் நேரத்தில் இரண்டு பேரிடம் பேசி வந்துவிடலாம்.

---

ஏட்டகம் எழுதியது:

கொற்கை சொன்ன வசதிகளை மறுக்கவில்லை. ஆனாலும் சில நூறு வரிசைகளுக்கு மேல் போகாத, ஐந்தாறு கட்டங்கள் கொண்ட அட்டவணைக்கு ஒரு சாதாரண எக்செல் கோப்போ கூகுள் ஷீட்ஸோ போதும், சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் அதுவும் எளிய உரைதான். ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கட்டத்தில், விரிவான குறிப்பின் தலைப்பை அப்படியே எழுதிவிடுங்கள். தலைப்பைத் தேடினால் குறிப்பு வந்துவிடும். இரண்டையும் ஒரே செயலி இணைத்துத் தர வேண்டும் என்ற தேவை பெரும்பாலும் நமக்கு இருப்பதில்லை.

ஒரே இடத்தில் வேண்டும் என்றே நினைத்தால் அப்சிடியனில் 2025-இல் ‘பேசஸ்’ என்ற பகுதி சேர்ந்திருக்கிறது. குறிப்பின் தலையில் வயது, பட்டம் போன்றவற்றைப் பண்புகளாக எழுதினால், அவற்றைத் திரட்டி அட்டவணையாகக் காட்டும். தகவல் உங்கள் கோப்பிலேயே இருக்கும், அட்டவணை அதைப் பார்க்கும் ஒரு சாளரம் மட்டுமே.

ஆனால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். ஒரே நெல்லின் வயதை ஒருவர் ஒரு மாதிரி சொல்வார், அடுத்த ஊர்க்காரர் வேறு மாதிரி சொல்வார். அட்டவணையின் கட்டம் ஓர் எண்ணைத்தான் கேட்கும். நீங்கள் நடுவாக ஒன்றை எழுதிவிட்டால் இருவர் சொன்னதும் மறைந்துவிடும். யார், எங்கே, எந்தப் பட்டத்தில் சொன்னார் என்பது குறிப்பில் முழுமையாக இருக்கட்டும். அட்டவணை, குறிப்புகளிலிருந்து பிறகு எடுப்பதாக இருக்கட்டும். குறிப்பிலிருந்து அட்டவணையை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், அட்டவணையிலிருந்து குறிப்பை மீட்க முடியாது.

---

காவல்மரம் எழுதியது:

பாதுகாப்பைப் பற்றிச் சில வார்த்தைகள். உங்கள் பட்டியலில் நிலவரி எண்களும் காப்பீட்டு விவரங்களும் இருப்பதால் எழுதுகிறேன்.

கடவுச்சொற்களையும் வங்கி அட்டை எண்களையும் எந்தக் குறிப்புச் செயலியிலும் வைக்காதீர்கள். அவற்றுக்கு பிட்வார்டன், கீபாஸ் போன்ற தனிப் பெட்டகங்கள் இருக்கின்றன. ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றின் படங்களைக் குறிப்புகளோடு ஒட்டி வைப்பதைவிட டிஜிலாக்கரில் பெறுவது நல்லது. மற்ற தனிப்பட்ட குறிப்புகளுக்கு, ஜாப்ளினில் முனையிலிருந்து முனைவரை மறையாக்கம் செய்யும் வசதி இருக்கிறது. அது தானாக இயங்காது, அமைப்புகளில் போய் நாம் இயக்க வேண்டும். இயக்கிவிட்டால் டிராப்பாக்ஸில் போய்ச் சேர்வதை அந்த நிறுவனமும் படிக்க முடியாது. கடவுச்சொல்லை மறந்துவிட்டால் நாமும் படிக்க முடியாது என்பதால் அதைக் காகிதத்தில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

ஒத்திசைவைக் காப்புப்பிரதி என்று எண்ணிவிட வேண்டாம். கணினியில் ஒரு குறிப்பை அழித்தால் கைபேசியிலும் அழிந்துவிடும், அதுதான் ஒத்திசைவின் வேலை. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் மார்க்டவுனாக ஏற்றுமதி செய்து, வெளி வன்தட்டில் அந்த மாதத்தின் பெயரோடு ஒரு கோப்புறையில் போட்டுவிடுங்கள். பழையதன்மேல் எழுதாமல் புதிதாகப் போட வேண்டும்.

கூகுளில் வைத்திருப்பவற்றுக்கு இன்னொன்று. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அதன் உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்ற விதியை அந்நிறுவனம் 2023-இல் அறிவித்தது. ‘செயலற்ற கணக்கு நிர்வாகி’ என்ற அமைப்பில், இத்தனை மாதம் கணக்கு அசையாமல் இருந்தால் இன்னாருக்குத் தெரிவித்து இன்னின்ன தரவுகளைக் கொடு என்று முன்பே எழுதி வைக்கலாம். நாம் இல்லாத காலத்திலும் இந்தச் சேகரம் யாருக்காவது பயன்பட வேண்டும் என்றால் அதை இப்போதே செய்துவிட வேண்டும்.

உங்களிடம் பேசிய விவசாயிகளின் பெயர், கைபேசி எண், நிலத்தின் அளவு ஆகியவையும் குறிப்புகளில் இருக்கும். அவர்கள் உங்களை நம்பிச் சொன்னவை அவை. அந்த விவரங்களை ஒரு தனிக் கோப்பில், மறையாக்கம் செய்த இடத்தில் வைத்துக்கொண்டு, மற்ற குறிப்புகளில் ‘பெரியவர் அ’, ‘பெரியவர் ஆ’ என்று மட்டும் எழுதினால், பிற்காலத்தில் யாருடன் பகிர்ந்தாலும் தயக்கம் இருக்காது.

---

வயலோரம் எழுதியது:

விவசாயிகளின் விவரங்களைத் தனியே பிரிக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றாத ஒன்று, உடனே செய்கிறேன். அட்டவணையை இப்போதைக்கு எக்செல்லில் வைத்துக்கொண்டு குறிப்புகளை ஜாப்ளினுக்கு மாற்றத் தொடங்குகிறேன். ஒலிப்பதிவுகளை என்ன செய்வது என்று மட்டும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். பல பதிவுகள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீள்கின்றன. அவற்றைக் குறிப்போடு இணைத்தால் ஒத்திசைவு மிகவும் மெதுவாகிறது.

---

சொல்லடைவு எழுதியது:

ஒலிக் கோப்புகளைக் குறிப்போடு இணைக்காதீர்கள். கணினியில் தனிக் கோப்புறை ஒன்றில் வைத்து, குறிப்புக்குக் கொடுத்த அதே தேதியையும் பெயரையும் கோப்புக்கும் கொடுங்கள். குறிப்பில் கோப்பின் பெயரையும், பேச்சில் முக்கியமானவை வரும் நேரத்தையும் எழுதினால் போதும்: ‘12:40 விதை ஊறவைக்கும் முறை, 31:05 குளத்து மடை முறை, 47:20 பழைய பாட்டு’. ஒரு முறை முழுவதும் கேட்டு இந்த வரிகளை எழுதிவிட்டால், பிறகு அந்த ஒரு மணி நேரத்தை மறுபடி கேட்க வேண்டியிராது. முழுவதையும் எழுத்தாக்குவது பெரிய வேலை. பாட்டு, பழமொழி, அளவுகள் ஆகியவற்றை மட்டும் அவர் சொன்ன சொற்களிலேயே, அவர் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். காப்புப்பிரதி எடுக்கும்போது அந்தக் கோப்புறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது ஜாப்ளினின் ஏற்றுமதியில் வராது.